முதலில் சுருதி, பிறகு மெருகு



சென்ற மாதம் நம் மேசைக்கு வந்த கடிதங்களுள் ஒரு தாயார் எழுதியதை நாம் மூன்று முறை வாசித்தோம். அவருடைய மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டுக் கல்லூரி திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கின்றான். கையில் சேர்த்து வைத்திருந்த 1500 ரூபாயைக் கொடுத்து, எவரோ வாசித்துக் கழித்த கித்தார் ஒன்றை வாங்கி வந்திருக்கின்றான். வாங்கியவன் வாசிக்கக் கற்றாலாவது மனம் ஆறும். அவனோ தந்திகளைக் கழற்றி, சாவிகளைக் கழற்றி, உப்புத்தாள் கொண்டு அதன் நிறத்தையெல்லாம் தேய்த்துக்கொண்டிருக்கின்றான். வீடெங்கும் தூசி, பின்கட்டில் வார்னிஷ் வாடை. "இருந்த பொருளையும் கெடுக்கிறான்" என்று தகப்பனார் சினந்து, அது வீட்டை விட்டுப் போகாவிட்டால் தாமே அதை அடுப்பில் வைப்பதாகச் சொல்லியிருக்கின்றார். தந்தையும் மகனும் ஒன்றாக அமர்ந்து உண்டு இரண்டு வாரமாகின்றதாம். "சாமி, இது வீண் வேலையா, நல்ல வேலையா? நான் யார் பக்கம் பேசட்டும்?" என்று அந்தத் தாயார் கேட்டிருக்கின்றார்.

அடுப்பு எரிவதற்கு முன் அவருக்குச் சேர வேண்டிய பதிலைத் தனிக் கடிதமாக உடனே அனுப்பிவிட்டோம். அவருடைய அனுமதியுடன் அதையே சற்று விரித்து, எல்லாக் குடும்பங்களுக்குமாக இங்கே எழுதுகின்றோம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இக்கடிதம் வந்திருந்தால் இரண்டே வரிகளில் பதில் எழுதியிருப்போம்: காலத்தை வீணாக்காதே, தகப்பன் சொல் கேள் என்று. இன்று அவ்வாறு எழுத நம்மால் இயலவில்லை. நம் அறையின் சுவரில், திருச்சிலுவைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கித்தார் தொங்குகின்றது. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தாய்க்குப் பதில் சொல்வது நேர்மையாகாது. சொல்லப் புகுந்தால் நம்மை நாமே குற்றஞ்சாட்டிக்கொள்ள நேரும். அதுவும் நல்லதே.

2000-ஆம் ஆண்டு, திருச்சபை யூபிலி கொண்டாடிய ஆண்டு. நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு பங்கில் உதவிக் குருவாய் இருந்தோம். பாடற்குழு நம் பொறுப்பு. பாஸ்கு திருநாளுக்கு முன் அன்பர் ஒருவர் கொடுத்த பணத்தில், இருந்ததிலேயே விலை குறைந்த கித்தார் ஒன்றை வாங்கினோம். அதை வாசிக்க முன்வந்தவன் பதினேழு வயதுப் பையன். கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவன், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பாட்டுப் பயிற்சிக்கு முதலில் வந்து கடைசியில் போவான்.

அக்கித்தார் நைலான் தந்திக்கென்று செய்யப்பட்டது. அதன் ஓசை மென்மையானது. ஆர்மோனியமும் மத்தளமும் முழங்கும் கோவிலில் அது எடுபடவில்லை. ஆகவே கோவில் திருவிழாவுக்கு முன், கம்பித் தந்தி வாங்கிக் கட்டும்படி அந்தப் பையனிடம் சொன்னோம். அவன் தயங்கினான். "போட்டுப் பார், ஓசை கணீரென்று வரும்" என்றோம். வந்தது. எல்லாரும் பாராட்டினர். நாம் பெருமைப்பட்டோம்.

சில மாதங்களில் அதன் சுருதி கெடத் தொடங்கிற்று. திருவருகைக் காலத்தில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான பயிற்சி நடக்கும்போது நிலைமை முற்றிவிட்டது. தந்திகளை வெறுமனே மீட்டினால் சரியாய் இருக்கும். விரல் வைத்து அழுத்தியதும் ஆர்மோனியத்தோடு உரசும். பையன் மீண்டும் மீண்டும் சாவியைத் திருகுவான். மீண்டும் அதே பிழை. டிசம்பர் மாதத்து ஒரு மாலையில், இருபது பேர் முன்னிலையில் நாம் பொறுமை இழந்தோம். "உனக்குக் காது இல்லை. ஆர்மோனியம் போதும், அதைக் கொண்டுபோய் உள்ளே வை" என்றோம். அவன் அதைச் சக்கிறீஸ்தில் வைத்துவிட்டுப் போனான். பிறகு பாடற்குழுவுக்கு வரவில்லை. அவன் சிறுபிள்ளைத்தனமாய்க் கோபித்துக்கொண்டான் என்று நாம் முடிவு கட்டினோம். ஆறு மாதத்தில் மாற்றல் வந்தது; அந்தப் பையனை மறந்தோம்.

ஆண்டவர் மறக்க விடவில்லை. 2019-ஆம் ஆண்டு, அதே பங்கிற்குப் பங்குக் குருவாக அனுப்பப்பட்டோம். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளை நோயினால் நாடெங்கும் ஆலயக் கதவுகள் அடைபட்டதை அனைவரும் அறிவீர்கள். மக்களற்ற கோவிலில் தனியே திருப்பலி நிறைவேற்றிய அந்நாட்களில், சக்கிறீஸ்தின் பரணைத் துப்புரவு செய்யும்போது, உடைந்த மெழுகுதிரித் தண்டுகளுக்கும் பழைய குடிலின் சொரூபங்களுக்கும் நடுவே அந்தக் கித்தார் கிடைத்தது. கம்பித் தந்திகள் துருப்பிடித்துக் கழுத்தை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன. மேற்பூச்சு வெடித்திருந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் பின்விளிம்பு பலகையை விட்டுத் தூக்கி நின்றது.

வேலையற்ற கைகள், நீண்ட பகற்பொழுதுகள். இதைச் சீர்செய்து பார்ப்போமே என்று தொடங்கினோம். எங்கே தொடங்கினோம் தெரியுமா? அந்தத் தாயாரின் மகன் தொடங்கிய அதே இடத்தில்தான். அசிங்கமாய்த் தெரிந்தது பூச்சு; ஆகவே பூச்சைத் தேய்த்தோம். வார்னிஷ் நீக்கும் மருந்தைத் தடவிப் பார்த்தோம்; அசையவில்லை. மலிவுக் கித்தார்களிற் பலவற்றின் மேல் கண்ணாடி போல் தடித்த பாலியெஸ்டர் பூச்சைப் பூசுகின்றனர். அது எளிதில் கரைவதில்லை. முரட்டு உப்புத்தாளை எடுத்து வலுவாகத் தேய்த்தோம். இரண்டாம் நாள் பின்பலகையின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தளவு வெளிறிய திட்டு ஒன்று தோன்றிற்று. அங்கே மரத்தின் ரேகை குறுக்கே ஓடியது. என்ன நடந்ததென்று தச்சர் ஒருவரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது. மலிவுக் கித்தார் ஒட்டுப்பலகையாற் செய்யப்படுவது. மேலே தெரியும் அழகிய மரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய தோல். அதைக் கடந்து உள்ளே போய்விட்டோம். போன தோல் மீண்டும் வராது. அத்திட்டு இன்றும் இருக்கின்றது.

பிறகு, இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். நாம் மெருகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் இடைமறித்து, "எந்தத் தந்தி கட்டியிருக்கு, ஃபாதர்?" என்று கேட்டார். கம்பி என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. "அது நைலான் கித்தார் ஆச்சே. யார் கட்டச் சொன்னது?" என்றார்.

யார் கட்டச் சொன்னது! பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

அவர் விளக்கியதை நம் வாசகர்களுக்கும் சொல்லுவோம். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து கித்தாரை ஏறத்தாழ 40 கிலோ விசையுடன் இழுக்கின்றன. கம்பித் தந்திகளோ 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். மென்மையான இழுப்புக்கென்று மெல்லியதாய்ச் செய்த பலகை, அந்தப் பாரத்தில் நாளடைவில் வயிறு போல் புடைக்கும். கழுத்து முன்னோக்கி வளையும். அப்போது தந்திகள் விரற்பலகையை விட்டு உயர்ந்துபோகும். உயர்ந்த தந்தியை மெட்டின் மேல் படியவைக்க அதிகம் அழுத்த வேண்டும். அழுத்த அழுத்தத் தந்தி இழுபட்டு, அதன் சுரம் உரிய நிலையைத் தாண்டி ஏறும். வெறுந்தந்தி சுத்தமாய் இருக்க, விரல் வைத்த சுரம் மட்டும் பிசகும். போதாக்குறைக்கு, கழுத்தின் தலைப்பில் தந்திகள் படியும் தாங்கியின் பள்ளங்களை மலிவுக் கித்தார்களில் பெரும்பாலும் போதிய ஆழம் வெட்டாமலே விட்டுவிடுகின்றனர். அதனால் முதல் இரண்டு மெட்டுகளில் பிழை இன்னும் மிகும்.

அந்தப் பையனுக்குக் காது இருந்தது. பிழையைக் கேட்டதனால்தான் அவன் சாவியைத் திருகிக்கொண்டேயிருந்தான். காது இல்லாதவர் யாரென்று இனி நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம்மை மேலும் நாணச் செய்தது ஒன்று உண்டு. அன்று மாலை நாம் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது, உலகெங்கும் பாடப்படும் அந்த 'அமைதி இரவு' என்னும் கீதத்திற்கே. ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகருக்கு அருகேயுள்ள ஓபெர்ன்டார்ஃப் என்னும் ஊரில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், 1818-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய இரவில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. வரிகளை இயற்றியவர் யோசேப் மோர். நம்மைப் போலவே ஓர் உதவிக் குரு. இசையமைத்தவர் ஃபிரான்ஸ் குரூபர் என்னும் பள்ளி ஆசிரியர். அன்றிரவு அப்பாடலுக்குத் துணையாய் ஒலித்தது ஒரு கித்தார். அதை வாசித்தவர் அக்குருவே. அவர் பயன்படுத்திய கித்தார் ஹாலைன் நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் போற்றி வைக்கப்பட்டிருக்கின்றது. கித்தாரோடு பிறந்த பாடலுக்காக நாம் ஒரு கித்தாரையும் ஒரு பையனையும் வெளியேற்றினோம்!

கித்தாரைக் கோவிலுக்கு ஒவ்வாத கருவியென்று எண்ணுவோர் இன்றும் சிலர் உளர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனுக்குத் தனிச் சிறப்பளித்தாலும், வழிபாட்டுக்குத் தகுந்தனவும் ஆலயத்தின் மாண்புக்கு ஒத்தனவுமான பிற கருவிகளை உரிய அதிகாரியின் இசைவோடு ஏற்கலாம் என்றே போதிக்கின்றது. தகுதி என்பது வாசிக்கும் முறையிலும் மனத்திலும் இருக்கின்றது.

மீண்டும் வேலைக்கு வருவோம். மெருகை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, கித்தாரின் குரலைச் சீர்செய்யத் தொடங்கினோம். முதலில் துருப்பிடித்த கம்பிகளை நீக்கிப் பாரத்தை இறக்கினோம். சில வாரங்களில் பலகையின் புடைப்பு ஓரளவு தானே தணிந்தது. தூக்கி நின்ற குதிரையைப் பக்குவமாய்ப் பெயர்த்து, பழைய பசையை வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையிட்டு, பிடிப்பான்களால் இறுக்கி ஒரு முழு நாள் அசையாமல் வைத்தோம். பழைய பசையின் மேல் புதுப் பசை நிற்காது. பழைய மனஸ்தாபத்தைச் சுரண்டாமல் அதன் மேல் சமாதானம் பூசும் குடும்பங்களை அப்போது நினைத்துக்கொண்டோம்.

பிறகு நைலான் தந்தி கட்டி அளந்தோம். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் இருப்பது. உயரத்தை அங்கேதான் அளக்க வேண்டும். தடித்த ஆறாம் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே 5 மில்லிமீட்டர் இருந்தது. 4 இருந்தாற் போதும். ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால், குதிரையின் மேல் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். பாதித் தூரத்தில் பாதி அளவே இறங்கும் என்பது கணக்கு. அதன் அடிப்புறத்தில் பென்சிலால் கோடிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, கோடு வரைக்கும் நேராகத் தேய்த்தோம். தலைப்புத் தாங்கியின் பள்ளங்களை, எரிவாயு வெல்டிங் செய்வோர் விளக்கின் நுனியைத் துப்புரவு செய்யப் பயன்படுத்தும் மெல்லிய கம்பி அரங்களால் சிறிது சிறிதாய் ஆழப்படுத்தினோம். தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் மெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஒரு தாளின் கனம் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். ஒரு பள்ளத்தில் ஆசை மிகுந்து ஒரு தேய்ப்பு கூடுதலாய்ப் போய்விட, அந்தத் தந்தி இரைச்சலிட்டது. எலும்புத் தூளை அப்பள்ளத்தில் இட்டு உடனே ஒட்டும் பசை ஒரு துளி விட்டு, கெட்டியானபின் மறுபடி வெட்டினோம்.

இவ்வளவுக்கும் ஆன செலவு, தந்திகளையும் சேர்த்து, புதுச் செருப்பு ஒன்றின் விலைகூட இல்லை. உண்மையான வேலை இரண்டு பிற்பகல். இரண்டு பிற்பகல் வேலைக்காக ஒரு பிள்ளையை இருபது ஆண்டு இழந்திருந்தோம்!

மெருகு கடைசியில் வந்தது. அதற்கு அரக்கைத் தேர்ந்தோம். அது நம் நாட்டுப் பொருள். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே அரக்கு. அதை உருக்கி வடிகட்டிச் செதில்களாக விற்கின்றனர். 25 கிராம் செதிலை 100 மில்லி ஸ்பிரிட்டில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டினால் பூசத்தக்க கலவை கிடைக்கும். பழைய பூச்சை முழுவதும் உரிக்காமல், மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு மட்டும் மங்கும்படி தேய்த்து, அதன்மேல் பஞ்சைத் துணியில் பொதிந்து அரக்கில் நனைத்து மெல்லிய படலமாய்ப் பூசினோம். ஒரு முறை தடித்துப் பூசுவதைக் காட்டிலும் இருபது முறை மெலிந்து பூசுவதே முறை. ஈரக் காற்று வீசும் ஐப்பசியில் அவசரப்பட்டுப் பூசினோம், வெண்மையாய்ப் பூத்துவிட்டது. வானம் வெளுக்கும்வரை காத்திருந்து, ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சால் இலேசாய் ஒற்ற, அந்த வெண்மை மறைந்தது. காத்திருக்கக் கற்பிக்கும் தொழில் அது.

அந்தோனியோ தே தோரஸ் என்னும் ஸ்பானிய நாட்டவரின் செயலையும் இங்கே குறிப்பிட விழைகின்றோம். அவர் தச்சராய்ப் பயின்றவர். இன்றைய கித்தாருக்கு வடிவம் தந்தவராய்ப் போற்றப்படுபவர். 1862-இல் அவர் ஒரு கித்தாரின் மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தாற் செய்து, விலாவையும் முதுகையும் காகித அட்டையாற் செய்தார். ஓசையின் உயிர் மேற்பலகையிலேயே உள்ளதென்பதை மெய்ப்பிக்கவே அவ்வாறு செய்தார். அக்கருவி பார்சிலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. விலையுயர்ந்த முதுகு இல்லையே என்று வருந்தும் நம் இளைஞர்க்கு இது ஆறுதல். அட்டை முதுகும் பாடும். பாட வேண்டிய இடம் சரியாய் இருந்தால் போதும்.

வேலை முடிந்தபின் மிகக் கடினமான பகுதி மீதியிருந்தது. அந்தப் பையன் எங்கே என்று கோவில்பிள்ளையிடம் விசாரித்தோம். அவர் வியந்து, "ஞாயிறுதோறும் கடைசிப் பூசைக்கு வந்து வாசற்படியோரம் நிற்பாரே, பஸ் கண்டக்டர், அவர்தான் சாமி" என்றார். ஈராண்டாய் நம் கையிலிருந்தே நற்கருணை வாங்கியவர்; நாம் அவரை அடையாளம் காணவில்லை. ஒரு மாலையில் கித்தாரைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி நாற்காலி போட்டார். மகள் கதவோரம் நின்று பார்த்தாள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, "நாம் செய்தது தவறு, உம்மை மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறோம்" என்றோம். "அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு சாமி" என்று அவர் சிரித்தார். ஆனால் கித்தாரைக் கையில் வாங்கியதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. மெல்லச் சுருதி சேர்த்தார். முதல் மெட்டில் விரல்களை வைத்து ஒரே ஒரு சுரக்கூட்டை மீட்டினார். அன்று எப்போதும் பிசகிய அதே சுரக்கூட்டு. இம்முறை அது தெளிவாய் ஒலித்தது. மீண்டும் மீட்டினார். பின் தலை நிமிராமலே, "அப்போ என் விரல்ல தப்பு இல்லீங்களா, சாமி?" என்று கேட்டார்.

இருபது ஆண்டு மறந்ததாகச் சொன்னவர் சுமந்து வந்தது எதுவென்று அப்போது அறிந்தோம்.

அவர் மீண்டும் பாடற்குழுவில் சேரவில்லை. வேலை நேரம் ஒத்துவரவில்லை என்கின்றார், நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அவருடைய மகள் வந்து, நம் அறைச் சுவரிலிருந்து கித்தாரை இறக்கிக்கொண்டு போகின்றாள். திங்கட்கிழமை காலையில் திருப்பிக் கொண்டுவந்து மாட்டுகின்றாள். பின்பலகையின் வெளிறிய திட்டைக் காட்டி, "இது என்ன, சாமி?" என்று கேட்டாள். "அது நாம் அவசரப்பட்ட இடம்" என்றோம்.

இனி, அந்தத் தாயாருக்கு நாம் எழுதிய பதில் இது.

அம்மையீர், உங்கள் மகன் செய்வது நல்ல வேலையே. ஆனால் வரிசை மாறிவிட்டது. உப்புத்தாளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். முதலில் அது நைலான் கித்தாரா, கம்பிக் கித்தாரா என்று தெரிந்து அதற்குரிய தந்தியைக் கட்டட்டும். தந்திகளைக் குதிரையில் முடிச்சிட்டுக் கட்டும் அமைப்பானால் அது நைலானுக்குரியதாகவே இருக்கும். கம்பிக் கித்தாராயின், கழுத்தினுள் பெரும்பாலும் ஓர் இரும்புத் தண்டு இருக்கும். அதைத் திருகிக் கழுத்தை நேராக்கலாம். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. பன்னிரண்டாம் மெட்டில், கம்பியானால் ஆறாம் தந்திக்குச் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் உயரம் போதும். மெட்டுகளின் ஓரம் கையைக் கீறினால் சிறு அரத்தால் மழுக்கட்டும். கருவி சுத்தமாய்ப் பாடிய பிறகே மெருகுக்குப் போகட்டும். பாடாத கித்தாருக்கு மெருகிடுவது, வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன கண்டிப்பை நினைவூட்டும்.

மெருகிடும்போது சில கட்டுப்பாடுகள் வேண்டும். ஒட்டுப்பலகையை ஆழத் தேய்க்கலாகாது. 320, 400 எண் போன்ற மெல்லிய தாளால், மரத்தின் ரேகையோட்டத்தில் மட்டுமே தேய்க்க வேண்டும். தூசியைச் சுவாசியாதபடி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிட், தின்னர் ஆகியவற்றைச் சமையலறைக்கு அருகே திறக்கவே கூடாது. அவற்றின் ஆவி தீப்பற்றும். காற்றோட்டமுள்ள திண்ணையோ மொட்டைமாடியோ நல்லது. வேலைக்கென்று நாளில் ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்ளட்டும்; குடும்ப செபமாலைக்கு மணியடிக்கும்போது கை கழுவி வந்து அமரட்டும். முதற் கித்தார் முடியும்வரை இரண்டாவது வாங்கலாகாது. தொடங்கியதை முடிப்பதும் ஒரு புண்ணியமே.

உங்கள் கணவருக்கும் ஒரு சொல். ஐயா, உங்கள் சினத்தில் நியாயம் உண்டு. பணத்தின் அருமை அறிந்தவர் நீங்கள். ஆனாலும் உங்களிடம் நாம் ஓர் உதவி கேட்கின்றோம். குதிரையை ஒட்டும் நாளில் பிடிப்பானை இறுக்க ஒரு கை போதாது. ஒருவர் பிடிக்க, ஒருவர் திருக வேண்டும். அந்த இரண்டாவது கை உங்களுடையதாய் இருக்கட்டும். நாசரேத்தூர்ப் பட்டறையில் புனித யோசேப்பு தம் மகனாய் வளர்ந்தவருக்கு மரத்தைப் பிடிக்கக் கற்பித்தபோது என்ன பேசினார் என்று சுவிசேஷகர் எழுதவில்லை. அருகில் நின்றார் என்பது மட்டும் நிச்சயம்.

பிள்ளைகள் பிசகி ஒலிக்கும்போது, பெற்றோரும் ஆசிரியரும் நம்மைப் போன்ற குருக்களும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பிள்ளையின் மேல் எந்தத் தந்தியைக் கட்டினோம்? மென்மையாய்ப் பாடப் பிறந்தவனிடம் கணீரென்ற ஓசையைக் கேட்டோமா? அவன் எலும்பு எவ்வளவு பாரம் தாங்குமென்று பார்த்தோமா? ஊர் பாராட்ட வேண்டுமென்று நாம் கட்டிய கம்பி அவனை வளைத்துவிட்ட பிறகு, உனக்குக் காது இல்லை என்று சொல்லிவிட்டோமா? அப்படிச் சொல்லியிருந்தால், காலம் கடந்துவிட்டதென்று எண்ணவேண்டாம். பாரத்தை இறக்கினால் பலகை ஓரளவு தானே தணிகின்றது. எரேமியாஸ் தீர்க்கதரிசி கண்ட குயவன், கெட்டுப்போன களிமண்ணை எறிந்துவிடாமல் அதையே மீண்டும் வனைந்தானன்றோ?

நம் கடிதம் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் அந்தத் தாயாரிடமிருந்து ஒரு சிறு பதில் வந்தது. கித்தார் இன்னும் அடுப்புக்குப் போகவில்லையாம். தகப்பனார் ஒன்றும் பேசவில்லையாம். ஆனால் சனிக்கிழமை கடைவீதியிலிருந்து திரும்பும்போது இரண்டு பிடிப்பான்கள் வாங்கி வந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனாராம்.

அது போதும். மற்றதைப் பரிசுத்த ஆவியானவர் பார்த்துக்கொள்வார். அவருடைய அருள் உங்கள் இல்லங்கள் எல்லாவற்றிலும் சுருதி சேர்ப்பதாக!